செருப்பில் தேதி இல்லை

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு செங்கல்பட்டு அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். "அக்கா, ஒரு சின்ன டவுட். யார் யார் ஆபீஸ் வேலையா எங்க போனாங்க, எவ்ளோ செலவுன்னு மாசாமாசம் வெப்சைட்ல போடறோம் இல்ல? அதுல ஒருத்தருக்கு சைபர் வருது. அப்டியே சைபர்னு போட்டுடலாமா?" என்றாள்.

"போடாதே!" என்று நான் கத்தியதில் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

காரணம் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால், முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் உருப்படியாகச் சொல்ல எனக்கு இருப்பதே இந்த ஒரு சைபர்தான் என்று தெரிகிறது.

கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை போடும் அலுவலகம் எங்களுடையது. ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போவார்கள். போய் வந்து பயணப்படி பில் போடுவார்கள். அந்த பில்லைப் படித்து, குறை கண்டுபிடித்து, திருப்பி அனுப்புவது என் வேலை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எந்த நிறுத்தத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஆபீஸ் வேலையாக நான் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டியதில்லை. கடற்கரை ஊர்கள் எல்லாம் எனக்கு காகிதத்தில்தான் பழக்கம்.

இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பத்மநாபன் சார். அப்போதைய கண்காணிப்பாளர். காலையில் வந்ததும் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மேஜையில் வைப்பார். எதிரில் டீ வந்து நிற்கும். முதல் ஆட்சேபணையை எழுதாமல் டீயைத் தொட மாட்டார். சில நாள் பில் சுத்தமாக இருந்துவிட்டால் டீ ஆறிப்போகும், முகம் சுண்டிப்போகும். "சரோஜா, பில்லுல தப்பு இல்லேன்னா நீ சரியா படிக்கலைன்னு அர்த்தம்" என்பார். நான் இரண்டு மாதத்தில் சரியாகப் படிக்கப் பழகிவிட்டேன். மூன்றாவது மாதம் எனக்கென்று ஒரு சிவப்புப் பேனா வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமை கல்யாணத்தன்றுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தணிகாசலம் வந்து சேர்ந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் எங்கேயோ கிளம்பப் போகிறவர்போல நிற்பார். ஆய்வாளராகச் சேர்ந்த முதல் மாதம் முதல் பில் கொண்டுவந்தார். பஸ்ஸில் போய், மெயின் ரோட்டில் இறங்கி, உள்ளே இருந்த ஒரு கிராமத்துக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்து போய், நடந்தே திரும்பியிருக்கிறார். நடைக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அப்போது உண்டு. மொத்தமே ஒரு சாப்பாட்டுக் காசு வராது.

நான் ஏழு ஆட்சேபணை எழுதினேன். புறப்பட்ட நேரம் ஏழு பத்து, ஆனால் முதல் பஸ் ஏழு இருபத்தைந்துக்குத்தானே? வேறு வழி இருக்க இந்த வழியில் போனது ஏன்? இப்படியே போய் ஏழாவதாக எழுதினேன்: "நடந்து சென்றதற்கான ஆதாரம் இணைக்கப்படவில்லை."

இன்றைக்கு அதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு அதைப் படித்துவிட்டு பத்மநாபன் சார் டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் தணிகாசலம் என் மேஜைக்கு வந்தார். குனிந்தார். காலில் இருந்த ஒரு செருப்பைக் கழற்றி, பில்லின் மேல் வைத்தார். குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

"இந்தா மேடம். ஆதாரம்."

அலுவலகமே எழுந்து நின்றது. பத்மநாபன் சார்தான் நிதானமாக வந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். செருப்பைத் தொடாமல் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுல தேதி இல்லியே, தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. தணிகாசலம் சிரிக்கவில்லை. செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, பில்லை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு பில்கூட வரவில்லை.

வராததை நான் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபோது வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அவர் ஒரு பழைய மொபெட் வாங்கி, சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். பத்மநாபன் சார் ஓய்வு பெற்றார். அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். வருடங்கள் போயின. தணிகாசலம் பில் போடாத ஆசாமி என்பது கட்டடத்துக்கு வெளியே வேப்பமரம் நிற்பதுபோல எல்லோருக்கும் பழகிவிட்டது.

அவர் பெயரில் பில் வரவில்லையே தவிர, தபால் வந்தது. மொட்டைக் கடிதங்கள். பெயர் இல்லாமல், முகவரி இல்லாமல், "உண்மை விரும்பி", "பாதிக்கப்பட்ட வியாபாரிகள்" என்று கீழே போட்டு வரும். அவர் அப்படிப்பட்ட மனுஷன். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால் தெருமுனையிலேயே அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

ஒரு கடிதம் இன்றும் நினைவிருக்கிறது. "ஐயா, தங்கள் ஆய்வாளர் சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு லுங்கி கட்டிக்கொண்டு, மீன் வாங்குபவர்போல வந்து, வஞ்சிரம் ஒரு கிலோ போடச் சொன்னார். போட்ட பிறகு மீனை விட்டுவிட்டு தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மீன் கெட்டதற்கு யார் பொறுப்பு?" இன்னொன்று, ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து: "அடை மழையில் குடை பிடித்துக்கொண்டு ஐந்து லிட்டர் அளந்து பார்த்தார். மழைக்குக்கூட வீட்டில் இருக்க மாட்டாரா?" அணுபுரம் குடியிருப்பு வாசலில் காய்கறி விற்கிறவர் எழுதியது: "மொபெட் சத்தம் கேட்டால் நாங்கள் தயாராகிவிடுவோம் என்று, இவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே வருகிறார். இது முறையா?"

எல்லாவற்றிலும் அடிக்கடி வந்தது மாமல்லபுரத்திலிருந்து யாரோ ஒரு மளிகைக்காரர் பச்சை மையில் எழுதிய கடிதம். அநேகமாக மாதம் தவறாது. நல்ல கையெழுத்து, நல்ல தமிழ். அது வராத மாதம் எனக்கே ஏதோ குறைந்ததுபோல இருக்கும்.

பெயரில்லாத கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் வந்த தபாலைக் கிழித்துப் போடவும் கூடாது. எனவே ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, வந்த தேதி முத்திரை குத்தி, "கோப்பிலிடுக" என்று எழுதி, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். காகிதத்தைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. வீட்டில் பழைய கரண்ட் பில்லைக்கூட நான் போட விடமாட்டேன் என்று வீட்டுக்காரர் புலம்புவார்.

அப்புறம் அந்த உத்தரவு வந்தது. அரசு ஊழியர்கள் வேலை நிமித்தமாகப் போய்வந்த செலவு, ஐந்து வருடத்துக்கு, ஆள்வாரியாக, எல்லோரும் பார்க்கும்படி வெப்சைட்டில் போட வேண்டும், இனி மாதாமாதமும் போட வேண்டும். வாசல் பலகையிலும் ஒட்ட வேண்டும். மக்கள் பணம், மக்களுக்குத் தெரியட்டும். நல்ல உத்தரவுதான். இன்றைக்கும் அதை நல்ல உத்தரவு என்றுதான் சொல்வேன். பட்டியலைத் தயாரித்தது நான்.

முதலிடத்தில் வந்தவர் வேறொரு ஆய்வாளர். பெயர் எதற்கு? அவருடைய பில்லில் என்னாலேயே ஒரு குறை கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அவர் போன பஸ் ஒருநாளும் லேட்டானதில்லை. அவர் மழையில் நனைந்ததில்லை. அவரைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதமும் வந்ததில்லை. கடைசி வரியில் தணிகாசலம். ஐந்து வருடம், ஐந்து கட்டம், ஐந்து சைபர்.

இரண்டாம் நாளே பலகையை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். முதலிடக்காரருக்கு "ஓடி ஓடி உழைத்தவர்" என்று பூ பொம்மை. தணிகாசலம் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே: "அஞ்சு வருஷமா சீட்ட விட்டு எய்ந்திரிக்காம சம்பளம் வாங்கினுகீறாரு இந்த ஆபீசரு." அது சென்னையில் தலைமை அலுவலகம்வரை போயிற்று. அங்கிருந்து மெமோ வந்தது. பயணமே செய்யாதவர் எப்படி ஆய்வு செய்தார்? ஆய்வு அறிக்கைகள் எல்லாம் உட்கார்ந்த இடத்தில் எழுதியவையா? பத்து நாளில் விளக்கம்.

அந்த மாதக் கடைசியில் தணிகாசலம் ஓய்வு பெற வேண்டும். அரசாங்கத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளக்கம் திருப்தி இல்லையென்றால் கடைசி நாள் மாலை ஒரு கவர் வரும். ஓய்வு பெற அனுமதி இல்லை, தற்காலிகப் பணிநீக்கம், விசாரணை முடியும்வரை பென்ஷன் இல்லை. விசாரணை எப்போது முடியும் என்பது கடவுளுக்கே தெரியாது. மாலையும் சால்வையும் வாங்கி வைத்திருந்த நாங்கள் அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று விழிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் மாவட்ட அலுவலர் சின்ன வயசுக்காரர், நல்லவர். கையைப் பிசைந்தார். "அவரோட ரிஜிஸ்டர், ரசீது எல்லாம் இருக்கு மேடம். ஆனா எல்லாத்துலயும் அவர் கையெழுத்துதான். அவர் எழுதினதையே அவருக்குச் சாட்சியா காட்ட முடியாது. வெளியிலிருந்து ஏதாவது வேணும்."

நான் தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். கடைக்காரர்களிடம் ஒரு கடிதம் வாங்கலாமே என்றேன்.

"இன்னா மேடம் பேசற? ஃபைன் போட்டவன் கிட்டயே போயி, நான் வந்து ஃபைன் போட்டேன்னு எய்திக் குடுப்பான்னு கேக்கச் சொல்றியா? அதுக்கு நான் வூட்லயே குந்திகினு இருந்துட்டுப் போறேன்."

"எல்லாரும் பில் போட்டாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் ஏன் சார் போடாம விட்டீங்க?" என்று ஆற்றாமையில் கேட்டுவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபமில்லை. கோபமிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நீதானேம்மா செருப்புக்குத் தேதி கேட்ட?"

கேட்டது நானில்லை, பத்மநாபன் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஏழாவது ஆட்சேபணை என் கையெழுத்தில்தான் இருந்தது. சிரித்ததும் நான்தான். அன்று மதியம் டப்பாவைத் திறந்தேன், மூடினேன். ஒரு மனுஷன் இருபத்தெட்டு வருடம் வெயிலிலும் மழையிலும் அலைந்ததை ஏழு வரியில் அழித்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. அலுவலகத்தில் அழுதால் ஆயிரம் கேள்வி வரும் என்று பீரோவைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன்.

தலை கீழ்த்தட்டுக்கு நேராக இருந்தது. எதிரில் மொட்டைக் கடிதங்கள்.

மேலே இருந்த கடிதத்தை எடுத்தேன். பச்சை மை. "சென்ற புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு..." என்று தொடங்கியது. ஊர் இருந்தது. நேரம் இருந்தது. என் கையால் குத்திய தேதி முத்திரை இருந்தது. எழுதியவன் ஒருத்தனுக்கும் தணிகாசலத்தின் மேல் எள்ளளவு பிரியம் கிடையாது. இதைவிட நல்ல சாட்சி உலகத்தில் எங்கே கிடைக்கும்?

இரண்டு நாள் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். அந்த ஐந்து வருடத்துக்கு மட்டும் நூற்றுப் பதினெட்டு கடிதம். நாள், இடம், நேரம், வந்த கோலம் (லுங்கி, குடை, தள்ளிய மொபெட்), செய்த கொடுமை. ஒவ்வொன்றுக்கும் எதிரே தணிகாசலத்தின் ரிஜிஸ்டரில் இருந்த தேதி. ஒன்றுகூடப் பிசகவில்லை. அலுவலர் படித்துக்கொண்டே வந்தார். வஞ்சிரம் மீன் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆனா மேடம், மொட்டைக் கடிதத்து மேல நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கே?"

"நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னுதான் சார் இருக்கு. நம்பக் கூடாதுன்னு இல்ல."

யோசித்தார். "ஒண்ணே ஒண்ணாவது கையெழுத்தோட இருந்தா மத்ததையும் ஏத்துக்குவாங்க. ஒருத்தராவது, 'ஆமா, நான்தான் எழுதினேன்'னு சொல்லணும்."

மறுநாள் காலை மாமல்லபுரம் பஸ் ஏறினேன். என் உத்தியோகத்தில் முதல் பயணம். பஸ் பதினெட்டு நிமிடம் லேட்டாகக் கிளம்பியது. திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் இறங்கிப்போய் நாஸ்தா சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் இத்தனை வருடம் யார் யாருக்கு எந்த நேரத்தைக் காட்டி பில்லைத் திருப்பினேன் என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். வெயிலுக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் மளிகைக் கடைகளாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கடையிலும் எதையாவது கொஞ்சம் வாங்கி, துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தரச் சொன்னேன். பை கனத்துக்கொண்டே போயிற்று. ஐந்தாவது கடையில் அரைக் கிலோ துவரம் பருப்பு கேட்டேன். கல்லாவில் இருந்த ஏழுமலை என்கிற பெரியவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். பச்சை மை.

"அண்ணே, நீங்கதான் எங்க ஆபீசுக்கு லெட்டர் போடறவரா?"

"லெட்டரா? இன்னா லெட்டரு? எனக்கு எய்தவே தெரியாதும்மா" என்றார், எழுதிக்கொண்டே.

நான் பருப்பு மூட்டையின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். தணிகாசலம் இங்கெல்லாம் வரவே இல்லை என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள் என்றேன்.

"வரலியா?" ஏழுமலைக்குத் தாங்கவில்லை. "எந்தப் பேமானி சொன்னான் வரலன்னு? மாசம் ரெண்டு வாட்டி வந்து என் உசுர எடுத்துகினு இருந்தான் மா அந்த ஆளு! போன மாசம்கூட இதே ஸ்டூல்ல குந்தினுதான் என் தராச நோண்டினான்!"

"அதை எழுதி கையெழுத்துப் போடுங்களேன்."

"போட மாட்டேன். நல்லா மாட்டட்டும்."

"உங்க இஷ்டம். ஆனா மெமோ முடியலைன்னா அவரை இந்த மாசம் ரிடையர் ஆக விட மாட்டாங்க."

பேனா நின்றது. "இன்னா சொன்ன?"

"ரிடையர் ஆக மாட்டார். அப்புறம் எப்ப ஆவார்னு யாருக்கும் தெரியாது."

நான் சொன்னது ஒரு வார்த்தை பொய்யில்லை. ஓய்வு கிடைக்காத ஆள் வேலைக்கும் வர முடியாது என்கிற பாக்கியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"நைனா! சாமி!" என்று ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டார். "முப்பத்தொண்ணாந் தேதிக்கு நான் நாள எண்ணிகினு கீறேன் மா! எங்க கையெய்த்து? குடு, எங்க போடணும்?" ஆதார் அட்டை நகலையும் அவராகவே எடுத்துவந்து இணைத்தார். வேறு யாராவது கேட்டாலும் சொல்லுங்கள், நேரில் வந்து சொல்கிறேன் என்று போன் நம்பர் கொடுத்தார். பருப்புக்குக் காசு வாங்கவில்லை. நான் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தலைமை அலுவலகம் தணிகாசலத்தைச் சென்னைக்கு வரச் சொன்னது. எலெக்ட்ரிக் ட்ரெயினில் போனார். விசாரித்த அதிகாரி அட்டவணையை முழுக்கப் படித்துவிட்டு, "இவ்வளவு பேர் திட்டுகிற ஒருத்தர் எங்கள் துறையில் இருக்கிறாரா?" என்று கேட்டாராம். இருபத்தெட்டாம் தேதி மெமோ கைவிடப்பட்டது.

கடைசி நாள் மாலை, சால்வை, லட்டு எல்லாம் முடிந்த பிறகு, தணிகாசலம் என் மேஜைக்கு வந்தார். ஒரு பயணப்படி பில்லை வைத்தார். சென்னை போய்வந்ததற்கு. ரயில் கட்டணம் போக வர. ஸ்டேஷனிலிருந்து அலுவலகம்வரை இரண்டு கிலோமீட்டர் நடை. அதற்கு மேல் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்தார்.

"ஆதாரம் இணைச்சிகீது. பாத்துக்க மேடம்."

பிரித்தேன். ஒற்றைச் செருப்பு. திருப்பினேன். அடிப்பாகத்தில் வெள்ளை பெயின்டில், முத்து முத்தாக, தேதி எழுதியிருந்தது.

இந்த முறை அவர்தான் முதலில் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன், கண்ணில் நீர்தான் வந்தது. "என்னை மன்னிச்சிடுங்க சார்" என்றேன். "அத்த வுடும்மா. மொதல்ல பில்ல பாஸ் பண்ணு" என்றார். பில்லில் திரும்பி வந்த நேரம் விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனா கைக்குத் தானாக வந்தது. அதை மேஜைக்குள் போட்டுவிட்டு, நீலப் பேனாவால் நானே நேரத்தை எழுதி, பாஸ் என்று போட்டேன். வெப்சைட்டில் அவர் பெயருக்கு எதிரே சைபர் இல்லாத ஒரே மாதம் அதுதான்.

ஆகவே ரேவதி, "பில் போடவில்லை" என்று எழுது. சைபர் போடாதே. போகாதவனும் பில் போடாதவனும் ஒன்றல்ல. அந்த ஆளைக் கூப்பிட்டு ஏன் போடவில்லை என்று கேள். பதில் உன்னைப் பற்றியதாக இருந்தாலும் காது கொடுத்துக் கேள்.

மாமல்லபுரம் போய்வந்ததற்கு நான் பில் போடவில்லை. போட்டிருந்தால் நானே படித்து நானே திருப்பியிருப்பேன். பஸ் டிக்கெட்டும் தொலைந்துவிட்டது. அந்த மாதப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே சைபர்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி தபாலில் ஒரு கடிதம் வந்தது. பச்சை மை, நல்ல கையெழுத்து, வழக்கம்போலக் கீழே பெயர் இல்லை. "ஐயா, தங்கள் அலுவலகத்துப் பெண்மணி ஒருவர் சென்ற மாதம் இருபத்தோராம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்குவதுபோல வந்து, அரை உண்மையைச் சொல்லி, ஒரு அப்பாவி வியாபாரியிடம் கையெழுத்து வாங்கிச் சென்றுள்ளார். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

எண் போட்டேன். தேதி முத்திரை குத்தினேன். "கோப்பிலிடுக" என்று எழுதி, கீழ்த்தட்டில் பத்திரமாக வைத்தேன். நான் அங்கே போனதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.